கிட்டே வரக்கூடாத நாட்கள்

சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அறுவைக்காரரின் முகம் சிவந்துவிடும். முதலில் காது மடல், அப்புறம் கன்னம், கழுத்து, மேல் பொத்தான் வரைக்கும். கண் கலங்கும், வயிறு கலக்கும், எழுந்து கக்கூசுக்கு ஓடுவார். திரும்பி வரும்போது முகம் பழைய நிறத்துக்கு வந்திருக்கும். அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

இளவயதில் குடித்தவர். மகள் பிறந்த வருஷம் விட்டுவிட்டார். விட்டதற்கு அவர் ஒருவர்தான் சாட்சி. குடித்ததற்குத் தெருவே சாட்சி.

மரமில்லில் பெரிய ரம்பத்தின் முன்னால் நிற்பது அவர் வேலை. தண்டவாளத்தில் ஓடும் தள்ளுவண்டியில் மரத்தை இறுக்கி, ரம்பத்துக்குக் கொடுக்க வேண்டும். மறுபக்கம் நின்று அறுபட்ட பலகையை இழுத்து வாங்குகிறவர் நெட்டையர். அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சுக்கு வழியில்லை. அறுவைக்காரர் தாடையைத் தூக்கினால் ‘வருது’, நெட்டையர் கண்ணை மூடித் திறந்தால் ‘நிறுத்து’. இருபது வருஷமாக இரண்டு பேரும் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். மழைக்காலத்தில் மரம் தண்ணீர் குடித்துக் கனக்கும். தூள் பறக்காமல் ஈரமாக வந்து தோளில் அப்பும். சாயந்தரம் ரம்பம் நின்ற பிறகும் காதுக்குள் அது ஓடிக்கொண்டிருக்கும்.

“பேருக்குத்தான் இவன் அறுவை. வாயால ஒரு வார்த்தை அறுக்க மாட்டான்” என்று நெட்டையர் கேலி பண்ணுவார். அறுவைக்காரர் அதற்கும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அவர் மனைவி முன்னறையில் தையல் மிஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைப்பாள். தெருவில் மிஷினம்மா என்றால்தான் தெரியும். எதையும் திருப்பிப் பார்க்காமல் வாங்க மாட்டாள். துணியென்றால் உள்பக்கம் பார்ப்பாள், முட்டையென்றால் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பாள். புருஷன் வேலை விட்டு வந்தால் மூக்கைக் கிட்டே கொண்டுபோவாள்.

“ஊதுங்க.”

“ஊதறதுக்கு நான் என்ன புல்லாங்குழலா?”

வாயில் ஒன்றும் இருக்காது. ஆனால் சாப்பாட்டுப் பையில் இருக்கும். சில நாள் சட்டைத் தோளிலும் இருக்கும். சாராய வாடைதான், அதில் அவளுக்கு இம்மியும் சந்தேகமில்லை.

“வாயைக் கொப்பளிச்சுட்டு வந்துடலாம். பையை யாரு கொப்பளிக்கிறது?” என்பாள்.

சட்டையைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். பதில் இல்லாததே அவளுக்குப் பதிலாக இருந்தது.

ஒருநாள் காலையில் முதலாளி அவரைக் கூப்பிட்டு, “இனிமே ரம்பத்துக்கிட்ட போகாதே. பின்னால பலகை அடுக்கு” என்றார். ஏன் என்று கேட்டதற்கு, “உனக்கே தெரியும். கை போனா யாரு பொறுப்பு?” என்றார்.

யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். யார் என்று அறுவைக்காரர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. நாள் பூராவும் எதிரே நின்று தன் முகத்தைப் பார்க்கிறவன் ஒருத்தன்தான். அன்றிலிருந்து நெட்டையர் முகத்தில் விழிப்பதை விட்டார். நெட்டையர் சில நாள் பின்னாலேயே வந்தார், “என்னடா, என்னாச்சு உனக்கு?” என்று கேட்டார். பிறகு அவரும் விட்டுவிட்டார். அறுவைக்காரர் கொட்டகைக்குப் பின்னால் பலகைக்குப் பலகை சட்டம் வைத்து, காற்றுப் போக இடம் விட்டு, தனியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. பையில் வாடை நின்றுபோனது. முகம் மட்டும் முன்னைவிட அதிகமாகச் சிவந்தது. மிஷினம்மாவின் கணக்கில் இது ஒட்டவில்லை. குடியை விட்டுவிட்டார் என்றால் முகம் ஏன் சிவக்கிறது? குடிக்கிறார் என்றால் வாடை எங்கே போனது? மோந்து பார்ப்பதை அவள் நிறுத்தவில்லை.

மூன்றாவது மழைக்காலத்தில், பலகைக் கட்டுக்கு நடுவே அவர் மயங்கி விழுந்தார். வயிற்றுப்புண் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஸ்கேன் எடுத்த பிறகு வேறு டாக்டரிடம் அனுப்பினார்கள்.

அந்த டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “சாப்பிட்டதும் உங்களுக்கு முகம் சிவக்குமா?”

அறுவைக்காரர் நாற்காலி நுனிக்கு வந்தார். “சிவக்கும் டாக்டர்.”

“வயித்தால போகுமா?”

“போகும்.”

“குடிப்பீங்களா?”

“இல்ல. விட்டு ரொம்ப வருஷம் ஆச்சு.”

“இது குடியால வந்த சிவப்பு இல்ல. சிறுகுடல்ல ஒரு கட்டி இருக்கு. புற்றுநோய்தான், மெதுவா வளர்ற தினுசு. ஈரலுக்கும் பரவியிருக்கு. அந்தக் கட்டி ஒரு சுரப்பை ரத்தத்துல கொட்டிக்கிட்டே இருக்கு. முகம் சிவக்கறதும் வயித்தால போறதும் அதனாலதான்.”

“டாக்டர், அதைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. கதவுக்கு வெளிய என் பொண்டாட்டி உக்காந்திருக்கா.”

டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். “புற்றுநோய்னு சொன்னேன். காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு. குடி இல்லைன்னும் சொன்னீங்கல்ல, அதையும் சேத்துச் சொல்லுங்க.”

மிஷினம்மா அன்று வழியெல்லாம் அழுதாள். வீட்டுக்கு வந்து, ஆணியில் தொங்கிய பழைய சாப்பாட்டுப் பையைப் பார்த்ததும் அழுகை நின்றது. கட்டிக்கு முகம் சிவக்கலாம். பைக்கு எப்படி வாடை வரும்? அதை அவள் யாரிடமும் கேட்கவில்லை.

மாதம் ஒரு ஊசி போட்டார்கள். சிவப்பு குறைந்தது, வயிறு அடங்கியது. ஒரு வருஷம் போல ஓடியது. பிறகு ஈரலில் கட்டிகள் மறுபடி வளர ஆரம்பித்தன. வேறு ஒரு சிகிச்சை இருக்கிறது என்று அணு மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார்கள். கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத நடையின் கோடியில் இருந்தது அது. அந்தப் பெயரே மிஷினம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

அங்கே இருந்தது ஒரு பெண் டாக்டர். பொறுமையாகப் பேசினாள். “இந்த மருந்துல ரெண்டு பங்கு இருக்கும்மா. ஒண்ணு கட்டியைத் தேடிப்போய் ஒட்டிக்கும். அது முதுகுல கதிர் வீசற பொருளை ஏத்தி அனுப்பறோம். போன வாரம் எடுத்த ஸ்கேன், இவரோட கட்டி அந்த மருந்தைப் பிடிக்குமான்னு பாக்கத்தான். நல்லாப் பிடிக்குது.”

“வேற எங்கயாவது போய் ஒட்டிக்கிட்டா?”

“கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். கிட்னி வழியாத்தான் வெளிய போகணும். அதைக் காப்பாத்தத் தனியா ஒரு சலைன் ஏத்துவோம். ரத்த அணுக்களும் குறையலாம். அடிக்கடி ரத்தம் எடுத்துப் பாப்போம்.”

“இதுல குணமாயிடுமா?”

“முழுசா குணமாகும்னு சொல்ல மாட்டேன். நிறையப் பேருக்குக் கட்டியை அடக்கி வைக்குது. சிலருக்குச் சுருங்குது. உங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு நாள் அடங்கியிருக்கும்னு எனக்குத் தெரியாது.”

மிஷினம்மா அந்தப் பெண்ணை உற்றுப் பார்த்தாள். தெரியாது என்று சொன்ன டாக்டரை அவள் அதுவரை கண்டதில்லை. அதை நம்புவதா, அதனாலேயே சந்தேகப்படுவதா என்று புரியவில்லை.

சந்தேகத்துக்கு வீட்டிலும் பஞ்சமில்லை. அறுவைக்காரரின் அக்கா அவர்களோடுதான் இருந்தாள். “கதிர் வீசி ஆளைக் கொல்லுவாங்கன்னுதான் கேள்விப்பட்டிருக்கேன். பிழைக்க வைப்பாங்களாமா? என் தம்பியை வெச்சு எதையோ சோதனை பண்றாங்க” என்றாள்.

“சும்மா இருங்க அண்ணி. ஏற்கெனவே எனக்கு வயித்தைக் கலக்குது.”

“கலக்கட்டும். கலக்கினாத்தான் அடியில இருக்கறது மேல வரும்.”

மருந்து ஏற்றிய அன்று மிஷினம்மா நடையில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலேயே சலைன் ஓட ஆரம்பித்து, அவர் குமட்டிக்கொண்டு படுத்திருந்தார். பிறகு கனத்த ஈயப் பெட்டி ஒன்றைச் சக்கரவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். குழாயை மாட்டினார்கள். மாட்டின கையோடு டெக்னீசியனும் நர்ஸும் விடுவிடுவென்று வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள்.

“மருந்துன்னா நீங்க எதுக்கு வெளிய ஓடி வர்றீங்க?” என்று டெக்னீசியனை மறித்தாள்.

“நாங்க தினமும் இங்கேயே நிக்கறவங்கம்மா. அவருக்கு மொத்தமா நாலு தடவைதான். எங்களுக்கு வருஷம் பூரா.”

பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் தன் புருஷன் மட்டும் இருப்பது அவளுக்குச் சரியாகப் படவில்லை.

மறுநாள் காலையில் ஒரு கருவியை அவர் வயிற்றுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார்கள். ஒரு வாரம் தனியாகப் படுக்க வேண்டும். யாரும் ஒட்டி உட்காரக் கூடாது. கக்கூசில் உட்கார்ந்தே போக வேண்டும், இரண்டு தடவை தண்ணீர் விட வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இன்னும் அதிக நாள் தள்ளியிருக்க வேண்டும். மகள் வெளியூரில் பிள்ளையுண்டாகியிருந்தாள். கிளம்பி வருகிறேன் என்றவளைப் போனிலேயே நிறுத்தினார்கள்.

மாடியில் வாடகைக்கு விட்டிருந்த அறை காலியாக இருந்தது. தனிக் கக்கூசும் உண்டு. அறுவைக்காரர் அங்கே போனார். மிஷினம்மா மேல்படியில் சோற்றை வைத்துவிட்டு ஒதுங்குவாள். அவர் வந்து எடுத்துக்கொள்வார். முதல் தடவை எல்லாம் ஒழுங்காக நடந்தது. வாரம் முடிந்ததும் இறங்கி வந்து தன் இடத்தில் படுத்துக்கொண்டார்.

இரண்டாம் தடவைதான் வினை வந்தது. மாடிக்குப் போன சில நாளில் முதலாளி பார்க்க வந்தார். கையில் பழப்பை. மழை தூறிக்கொண்டிருந்தது. மாடிப்படியின் பாதியில் குடையோடு நின்று அவர் பேசினார். மேலே கதவருகில் அறுவைக்காரர் நின்றார். மிஷினம்மா முன்னறையில் அவசரத் தையலில் இருந்தாள், மிஷின் சத்தத்தில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. போகும்போது முதலாளி அவள் முகத்தைப் பார்க்காமல், “வரேம்மா” என்று போனார்.

அந்த வாரம் முடிந்தது. அறுவைக்காரர் இறங்கி வரவில்லை. அடுத்த வாரமும் போயிற்று. “இன்னும் கொஞ்ச நாள் இருக்கேன்” என்று மேலிருந்து ஒரே வார்த்தை. வைத்த சோறு பாதி திரும்பி வந்தது.

“டாக்டர் சொன்ன நாள் போயிடுச்சே. இவன் எதுக்கு மேலயே உக்காந்திருக்கான்?” என்று அக்கா ஆரம்பித்தாள். “அந்த மனுஷன் பையில பழம் மட்டும்தான் இருந்துச்சா? நீ பாத்தியா?”

மிஷினம்மா பார்க்கவில்லை. அவளுக்கும் அதே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. குடிக்கிறவனுக்கு இதைவிட வசதியான இடம் ஏது? கிட்டே வராதே என்று டாக்டரே சொல்லியாயிற்று. மூக்கு எட்டாது. ஒரு மத்தியானம் ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது. சிவந்திருந்தது.

தைத்துக்கொண்டிருந்ததை ஊசியோடு அப்படியே விட்டுவிட்டு மாடியேறினாள். கதவைத் தள்ளினாள். கட்டிலுக்கு அடியில் குனிந்தாள், அலமாரியைத் திறந்தாள், தலையணையைத் தூக்கினாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதைத் தேடற?”

“எதுக்குக் கீழ வரல நீங்க?”

“இத்தனை வருஷமா உன் மூக்கு என் வாய்கிட்ட வராத இடம் இது ஒண்ணுதான்.”

அவள் நிமிர்ந்தாள்.

“முதலாளி சொல்லிட்டாரு” என்றார் அவர். “இவ்வளவு பெரிய வியாதின்னு தெரியாமப் போச்சுப்பா, உன் வீட்டம்மா வந்து அழுதாங்க, அதனாலதான் ரம்பத்தை விட்டு எடுத்தேன்னாரு. தான் பண்ணலைன்னு கையைக் கழுவறதுக்கு வந்திருக்கான் மனுஷன்.”

மிஷினம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

“ஆமா. நான்தான் போனேன். ரம்பத்துல கை போயிடுமோன்னு பயந்து போனேன். ரெண்டு கையும் இருக்குல்ல இப்ப?”

“குடிச்சிருந்தா நீ பண்ணது சரி. நான் குடிக்கலையே.”

“அது எனக்கு எப்படித் தெரியும்? பையில வாடை அடிச்சுதே. என் மூக்கு பொய் சொல்லுமா?”

அவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அங்கேயே பார்த்தபடி சொன்னார்: “நெட்டையன்தான் சொன்னான்னு அவன் மூஞ்சியில முழிக்காம இருந்தேன். இருபது வருஷம் எதிர எதிர நின்னவன். மில்லுல போய்ச் சொல்லு, எல்லார் முன்னாடியும். அப்புறம் நான் கீழ வரேன்.”

“வாடை எங்கேருந்து வந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க. நான் போறேன்.”

“அதைக் கேக்காதே.”

அவள் கேட்டது கேட்டபடியே நின்றது. மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மில்லுக்குப் போனாள். ரம்பம் நின்றிருந்தது. தூள் குவியலுக்குப் பக்கத்தில் மரங்களின்மேல் உட்கார்ந்து ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நெட்டையர் ஓரமாகத் தனியே இருந்தார். முதலாளி வாசலில் பல் குத்திக்கொண்டு நின்றார்.

“அண்ணனுங்களா, ஒரு நிமிஷம்” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பலமாக வந்தது. “என் வீட்டுக்காரரு குடிச்சுட்டு வேலைக்கு வர்றாருன்னு முதலாளிகிட்ட வந்து சொன்னது நான்தான். அவரு குடிக்கல. முகம் சிவந்தது வியாதியால. வேற யாரும் அவரைப் பத்தி ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன்.”

“சரி விடும்மா, இதெல்லாம் இப்ப எதுக்கு?” என்றார் முதலாளி. ஒருத்தன் இருமினான். இன்னொருத்தன் தண்ணீர்ச் செம்பைத் தேடினான்.

நெட்டையர் கையில் எடுத்த கவளத்தை டப்பாவிலேயே போட்டார். மூடியை அழுத்தி மூடினார். யாரிடமும் சொல்லாமல் எழுந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மழையில் நடந்தார்.

மிஷினம்மா வீட்டுக்கு வந்தபோது நெட்டையர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். மேலே கதவு திறந்திருந்தது. அவள் கீழேயே நின்றாள். காது மட்டும் மேலே போயிற்று.

“நானா சொன்னேன்னு நெனச்ச?”

“வேற யாருன்னு நெனைக்கிறது?”

“எந்த வாயால நான் சொல்லுவேன்? யோசிச்சுப் பாத்தியா நீ? நான் போய் உன்னைச் சொல்லணும்னா, முதல்ல என்...”

“வாயை மூடு. கீழ அவ நிக்கறா.”

பேச்சு நின்றது. மிஷினம்மாவின் நெஞ்சில் பழைய பாம்பு தலையைத் தூக்கியது. என்னவோ இருக்கிறது. இரண்டு பேருக்கும் நடுவே என்னவோ இருக்கிறது, தனக்கு மட்டும் தெரியாது.

சொன்னபடி அறுவைக்காரர் அன்று இறங்கி வந்தார். நெட்டையரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். மிஷினம்மா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி பரிமாறினாள்.

மூன்றாம் தடவைக்கு முன் எடுத்த ஸ்கேனில், ஈரலில் சில கட்டிகள் சிறுத்திருந்தன, சில அப்படியே இருந்தன, புதிதாக ஒன்றும் இல்லை. “மருந்து வேலை செய்யுது. தொடரலாம்” என்றாள் அந்தப் பெண் டாக்டர். அக்கா அதற்கும், “சிறுத்துச்சுன்னு அவங்கதானே சொல்றாங்க, நாம என்ன உள்ள போயா பாத்தோம்?” என்றாள்.

மருந்து ஏற்றும் அன்று நானும் கூட வருவேன் என்று நெட்டையர் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். ஈயப் பெட்டி உள்ளே போயிற்று. டெக்னீசியனும் நர்ஸும் வெளியே வந்தார்கள். கதவைச் சாத்தினார்கள். மிஷினம்மாவும் நெட்டையரும் நடையில் ஒரே பெஞ்சில், நடுவே ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஈரத் துண்டு வாடை, மரத்தூள் வாடை. அதற்குக் கீழே வேறொன்று லேசாக. மிஷினம்மாவின் மூக்கு அதைப் பிடித்துவிட்டது. அவள் நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“அண்ணே, நீங்க குடிப்பீங்களா?”

நெட்டையர் துண்டை மடியில் போட்டு முறுக்கினார்.

“இப்ப சாயந்தரம் மட்டும் தங்கச்சி. நேத்து சாயந்தரம்.”

“முன்னாடி?”

“முன்னாடி காலையிலேயே. கை நடுங்காம பலகையைப் பிடிக்கணும்னா அது வேணும்னு ஆயிடுச்சு எனக்கு. உன் புருஷன் மில்லு வாசல்லயே நிப்பான். என் இடுப்புல இருக்கற பாட்டிலைப் பிடுங்கித் தன் சாப்பாட்டுப் பையில போட்டுக்குவான். முதலாளி என் பையைத்தான் துழாவுவாரு, அவன் பையைத் தொட மாட்டாரு. நான் நிதானத்துக்கு வர்ற வரைக்கும் தூள் கொட்டகையில படுக்க வெச்சிட்டு, ரம்பம் சாணை பிடிக்கணும்னு முதலாளிகிட்ட பொய் சொல்லுவான். ஒருநாள் அவன் தோள்லயே வாந்தி எடுத்தேன்.” துண்டை இன்னும் முறுக்கினார். “உன் மூக்கு பொய் சொல்லல. அந்த நாத்தம் என்னோடது.”

அவள் சுவரிலிருந்து கண்ணை எடுத்து அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“அவனை எடுத்துட்டு, ரம்பத்துல வேற ஒரு ஆளை நிறுத்தினாங்க. முதல் நாளே என் கையை வாங்கியிருப்பான். அன்னையோட காலைக் குடியை விட்டேன். அவன்கிட்ட சொல்லணும்னு போனா, மூஞ்சியைத் திருப்பிக்கறான். என்னைக் காப்பாத்தினவனையே நான் காட்டிக்கொடுத்துட்டேன்னு அவன் நெனச்சிக்கிட்டு இருந்திருக்கான். இப்பத்தான் எனக்கே தெரியுது.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவரு” என்றாள். “எத்தனை தடவை கேட்டேன்.”

“சொன்னா நீ முதலாளிகிட்ட போயிருப்பே. நாலு பொண்ணுங்க எனக்கு. அவனுக்கு உன்னைத் தெரியும் தங்கச்சி.”

போயிருப்பாள். சந்தேகமே இல்லாமல் போயிருப்பாள். சாத்தியிருந்த கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நடையில் யாரோ ஒரு வயதானவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். நெட்டையர் மூக்கைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

ரொம்ப நேரம் கழித்து டெக்னீசியன் வந்தான். “மருந்து ஏறி முடிஞ்சுது. கிட்ட போகக் கூடாது, தொடக் கூடாது. கதவுகிட்ட நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்துடுங்க. ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும். யாரு வர்றீங்க?”

நெட்டையர் எழுந்து ஒதுங்கி, அவளுக்கு வழிவிட்டார். அவளும் எழுந்தாள். இரண்டடி எடுத்து வைத்தவள் நின்றாள்.

“நீங்க போங்கண்ணே” என்றாள். “முதல்ல நீங்க போங்க.”